முள் சொல்வதும் கல் சொல்வதும்: பைக் வேகமானியைத் திருத்திய வரலாறு

பைக் மீட்டரில் முள் 60-இல் நிற்கிறது. ஓட்டுகிறவர் 60-இல் போவதாக நம்புகிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பரின் செல்போன் 55 என்கிறது. இரண்டில் எது உண்மை? பெரும்பாலும் செல்போன்தான்! சரி, செல்போன் வருவதற்கு முன்னால் மீட்டரின் பொய்யை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பாட்டு எழுதியவர் சொக்கநாதரே ஆனாலும் அதில் குற்றம் உண்டு என்று சொன்ன நக்கீரர் கதை பிறந்த ஊர் இது. "சொல்பவர் யார் என்று பார்க்காதே, சொன்னது சரியா என்று பார்" என்பதுதான் அந்தக் கதையின் சாரம். வேகமானிக்கும் அதே விதிதான்.

காதமும் நாழிகையும்

வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது. எனவே வேகத்தைச் சரிபார்க்க இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று மாறாத தூரம், மற்றொன்று மாறாத நேரம். தமிழ்நாட்டுச் சாலைகளில் முதல் சாட்சி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று அதியமான் பெருவழியில் நடப்பட்டிருந்தது. நாவற்றாவளம் என்ற ஊருக்கு இன்னும் 29 காதம் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. எழுத்துத் தெரியாதவர்களுக்காக அதே கல்லில் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி பத்தைக் குறிக்கும், சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். படிக்காதவனும் விரலால் தடவிப் பார்த்துத் தூரத்தை அறியலாம்!

ஆனால் ஒரு சிக்கல். காதம் என்பது சுமார் 10 மைல் என்பார்கள், ஆனால் அது இடத்துக்கு இடம் மாறும். தூரத்தை நேரத்தாலேயே சொல்லும் வழக்கமும் இருந்தது. "நாழிகை வழி" என்றால் ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஒரு ஆள் நடக்கும் தூரம். வேகமாக நடப்பவனின் நாழிகை வழி வேறு, மெதுவாக நடப்பவனின் நாழிகை வழி வேறு. இங்கே தூரத்தை அளக்கும் கருவியே நடப்பவனின் கால்தான். அந்தக் கால் சரியாக நடக்கிறதா என்று சோதிக்க அதே காலை நம்ப முடியாது. பிற்காலத்து வேகமானிக்கும் இதே சிக்கல்தான் வரப்போகிறது.

தஞ்சாவூரில் விழுந்த கருவி

தூரத்தைத் துல்லியமாக அளக்கும் வேலை 1802-இல் சென்னையில் பெரிய அளவில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அவரிடம் இரண்டு சங்கிலிகள் இருந்தன. ஒன்று அளப்பதற்கு, மற்றொன்று அந்தச் சங்கிலி நீண்டுவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும். கருவியை நம்புவதற்கு முன் கருவியையே அளக்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அவருடைய பெரிய தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துவிட்டது. இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பினால் ஆண்டுக்கணக்கில் ஆகும். லாம்டன் கூடாரத்துக்குள் ஆறு வாரம் உட்கார்ந்து, ஆப்பு, திருகு, கப்பி இவற்றைக் கொண்டு வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வடிவத்துக்கு இழுத்தார். அந்தக் கருவி அதன் பிறகும் பல ஆண்டுகள் உழைத்தது. பழுதான அளவுக் கருவியை இருந்த இடத்திலேயே திருத்திய கதைகளில் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரியது கிடைப்பது கடினம்!

மதுரைக்கும் இப்படி அளந்தவர்களின் நினைவு உண்டு. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கினார். அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவரின் பெயரில் இன்றும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. கலெக்டரின் நினைவாக விளக்குத்தூண் நிற்கிறது. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

சட்டம் பெற்ற பிள்ளை

தூரத்துக்குக் கல் இருந்தது, நேரத்துக்குக் கடிகாரம் வந்தது. அப்படியானால் வேகமானி எதற்கு? அதற்குக் காரணம் சட்டம். இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திர வண்டிகளுக்கு ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்று எல்லை வைத்தது. 1896-இல் அது 14 மைல் ஆனது. 1903-இல் 20 மைல் ஆனது. எல்லையை மீறினால் அபராதம். ஓட்டுகிறவர் தன் வேகத்தை ஓடும்போதே தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இப்படித்தான் வந்தது.

1902-இல் ஓட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியப் பொறியாளர் காந்த வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் பைக்குகளில் இருந்தது அடிப்படையில் அவர் கண்டுபிடித்ததுதான். அதன் வேலை எளிது. முன்சக்கர அச்சில் ஒரு சிறிய கியர் இருக்கும். அது மீட்டர் கேபிளைச் சுழற்றும். கேபிளின் மறுமுனையில் மீட்டருக்குள் ஒரு காந்தம் சுழலும். காந்தத்தைத் தொடாமல் அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் படித்த சுழல் மின்னோட்டம் கிண்ணத்தில் உண்டாகி, கிண்ணத்தையும் காந்தத்தோடு இழுக்கும். ஆனால் ஒரு மெல்லிய ஹேர் ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிக்கும். இரண்டு விசையும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, முள்ளுக்கும் சக்கரத்துக்கும் இடையே நேரடிப் பல்சக்கரத் தொடர்பு எதுவும் கிடையாது. ஒரு காந்தத்தின் வலுவும் ஒரு ஸ்பிரிங்கின் வலுவும் செய்துகொண்ட சமரசம்தான் முள். வயதானால் காந்தம் வலுவிழக்கலாம், அப்போது முள் குறைத்துக் காட்டும். ஸ்பிரிங் தளரலாம், அப்போது கூட்டிக் காட்டும்.

ஆனால் அதே மீட்டரில் கிலோமீட்டர் எண்களைக் காட்டும் ஓடோமீட்டர் அப்படி அல்ல. அது முழுக்க முழுக்கப் பல்சக்கரம். கேபிள் இத்தனை சுற்று சுற்றினால் ஒரு எண் நகரும், அவ்வளவுதான். ஒரே கேபிளில் இருந்து இரண்டு சாட்சிகள்! ஒருவர் சமரசக்காரர், மற்றவர் கண்டிப்பானவர். வீட்டில் மீட்டரைச் சோதிக்கும் கலை முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கிறது.

இன்னொரு சுவையான செய்தி. இங்கிலாந்தில் வேகமானி செய்து புகழ்பெற்ற ஸ்மித் நிறுவனம் முதலில் லண்டனில் ஒரு கடிகாரக் கடை. அவர்கள் செய்த குரோனோமெட்ரிக் வகை மீட்டருக்குள் உண்மையிலேயே கடிகாரம் போன்ற இயந்திரம் இருந்தது. குறிப்பிட்ட கால இடைவெளியில் சக்கரச் சுற்றை எண்ணிக் காட்டியதால் அதன் முள் வழுக்கிப் போகாமல் தாவித் தாவி நகரும். பழைய பிரிட்டிஷ் பைக் வைத்திருப்பவர்கள் இந்தத் தாவலை நன்றாக அறிவார்கள்.

மதுரைப் பேருந்தும் மெட்ராஸ் புல்லட்டும்

மதுரையில் மோட்டார் யுகத்தைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். 1911-இல் அவர் தொடங்கிய நிறுவனம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. டிவிஎஸ் பேருந்து கடந்து போவதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் இது ஆழமான பேச்சு. பேருந்து நேரம் தவறாமல் வந்தால் அதன் சராசரி வேகமும் தவறவில்லை என்று அர்த்தம். பயணிக்கு அந்த வேகத்தைச் சொன்னது ஊர்களுக்கு இடையிலான தூரமும் கைக்கடிகாரமும்தான், டிரைவர் முன்னால் இருந்த முள் அல்ல. 1972-இல் அந்தப் பேருந்துகள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது.

1955-இல் மெட்ராசில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவானது. ராணுவத்துக்குத் தேவைப்பட்ட 350 சிசி புல்லட்தான் அதற்கு வித்து. இங்கிலாந்தில் இருந்து வந்த வண்டிகளின் மீட்டரில் மைல் கணக்குதான் இருந்தது. அதே நேரத்தில் நாடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. 1956-இல் எடை, அளவுத் தரச் சட்டம் வந்தது. 1960-களில் மைல்கற்கள் படிப்படியாகக் கிலோமீட்டர் கற்களாயின. வண்டி மைலில் பேசியது, சாலை கிலோமீட்டரில் பேசியது!

ஒரு மைல் என்பது 1.609 கி.மீ. எனவே மீட்டர் 30 என்றால் உண்மையில் 48. 5 மைலுக்கு 8 கிலோமீட்டர் என்று மனக்கணக்குப் போட்டவர்கள் பலர். இன்றும் "மைல்கல்" என்ற சொல் மட்டும் மாறவில்லை, மைல் போய் அறுபது ஆண்டுகள் ஆன பிறகும்!

பிறகு 1980-களில் நூறு சிசி ஜப்பானிய பைக்குகள் வந்தன. 1984-இல் இண்ட்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா. 1970-களில் கோவையில் தொடங்கிய பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் மீட்டர்களை இங்கேயே செய்தன. நடுத்தரக் குடும்பத்து வீட்டு வாசல்களில் பைக் நின்றது. கூடவே, "மீட்டர் சரியாகக் காட்டுகிறதா?" என்ற கேள்வியும் வந்து நின்றது.

கல்லும் கைக்கடிகாரமும்

அந்தக் காலத்து வழி இன்றும் செல்லும். தேவை இரண்டு பேர், விநாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரம், கிலோமீட்டர் கற்கள் ஒழுங்காக உள்ள ஒரு சமவெளிச் சாலை. மதுரையைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை. ஆனைமலையை ஒட்டி ஒத்தக்கடை தாண்டி மேலூர் போகும் வழியோ திருமங்கலம் போகும் வழியோ, எதுவானாலும் சரி. விடியற்காலை, போக்குவரத்து இல்லாத நேரம் நல்லது. கடிகாரத்தைப் பார்ப்பது பின்னால் இருப்பவர் வேலை. ஓட்டுகிறவர் சாலையை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

முள்ளை 60-இல் நிலையாக வைத்து ஒரு கல்லில் இருந்து அடுத்த கல்வரை எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். 3600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் உண்மை வேகம். சரியாக 60 விநாடி என்றால் மீட்டர் உத்தமன். 65 விநாடி என்றால் உண்மை வேகம் 55 தான்.

கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சிறிய கல்லும் நடுவது நம் நெடுஞ்சாலைகளில் வழக்கம். ஆனால் அதை நம்பிச் சோதிக்கக் கூடாது. 60 வேகத்தில் 200 மீட்டருக்கு 12 விநாடிதான். பார்க்கிறவர் கண் அரை விநாடி தவறினால் 4 சதவீதத்துக்கு மேல் பிழை. ஒரு கிலோமீட்டரில் அதே அரை விநாடி 1 சதவீதத்துக்கும் குறைவு. 5 கிலோமீட்டர் என்றால் கணக்கிலேயே வராது. கற்களும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும். நான்குவழிச் சாலையும் புறவழிச் சாலையும் வந்தபோது தூரம் மாறியது. 2010-இல் எண்களும் மாறின, மதுரை வழியே போகும் பழைய 7-ஆம் எண் நெடுஞ்சாலை 44 ஆனது. அதனால் ஒரு கல்லை மட்டும் நம்பாமல் ஐந்து, பத்துக் கற்களைச் சேர்த்துப் பார்ப்பதே முறை.

இனி இரண்டாவது சோதனை. பத்துக் கிலோமீட்டர் கல் தூரத்துக்கு ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது? இதுதான் நோய் எங்கே என்று காட்டிக்கொடுக்கும்.

ஓடோமீட்டர் சரியாக 10 காட்டி, முள் மட்டும் தவறு என்றால் குறை மீட்டர் தலைக்குள், அதாவது காந்தத்திலோ ஸ்பிரிங்கிலோ.

இரண்டும் ஒரே விகிதத்தில் தவறு என்றால் குறை கீழே இருக்கிறது. டயர் அளவு மாறியிருக்கும், அல்லது வேறு வண்டியின் மீட்டர் கியரோ மீட்டரோ மாட்டியிருப்பார்கள்.

முள் நடுங்கித் துள்ளினால் பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும். கேபிளை உருவிச் சுத்தம் செய்து மெல்லிய கிரீஸ் தடவினால் போதும். மீட்டர் பக்கத்து முனையில் சில அங்குலம் மட்டும் கிரீஸ் இல்லாமல் விட வேண்டும். இல்லாவிட்டால் கிரீஸ் கேபிள் வழியே ஏறி மீட்டருக்குள் போய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

டயர் கணக்கையும் வீட்டு வாசலிலேயே போடலாம். முன் டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருக்க, ஒரு சுற்று தள்ளி, மறுபடி கோடு கீழே வரும் இடத்தை அளந்தால் சுற்றளவு கிடைக்கும். 2.75-18 அளவு டயர் என்றால் சுமார் 1.87 மீட்டர் வரும். அதற்குப் பதில் 3.00-18 போட்டால் சுற்றளவு சுமார் 2 சதவீதம் கூடும். சக்கரம் குறைவாகச் சுற்றும், மீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். டயர் தேய்ந்தால் இதற்கு நேர் எதிர்.

வேண்டுமென்றே சொல்லும் பொய்

புது வண்டியிலும் முள் கூட்டிக் காட்டுவது ஏன்? இது தயாரிப்பாளரின் அஜாக்கிரதை அல்ல, திட்டமிட்டதுதான். ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் விதி, காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது என்கிறது. கூடலாம், ஆனால் ஒப்புதல் சோதனையில் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கி.மீ.யும் என்ற எல்லைக்குள். அதாவது உண்மை 60 என்றால் முள் 70 வரை காட்டலாம்! இந்தியாவில் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆம் விதி வேகமானியைப் பற்றியது. டயர் வேறுபாடு, ஸ்பிரிங் வேறுபாடு எல்லாம் சேர்ந்தாலும் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் முள்ளை முன்கூட்டியே கொஞ்சம் தூக்கி வைக்கிறார்கள்.

ஆக, நல்ல நிலையில் உள்ள வண்டியில் முள் கூட்டிக் காட்டும், ஓடோமீட்டர் ஏறக்குறைய உண்மை சொல்லும். பலர் தவறுவது இங்கேதான். முள்ளைச் சரியாக்குவதற்காகப் பெரிய டயர் போடுகிறார்கள், அல்லது கியரை மாற்றுகிறார்கள். முள் சரியாகிவிடும், ஆனால் அதே கேபிளில் ஓடும் ஓடோமீட்டர் கெட்டுவிடும்! பிறகு மைலேஜ் கணக்குத் தவறும், ஆயில் மாற்றும் கணக்குத் தவறும், விற்கும்போது வாங்குகிறவருக்குச் சொல்லும் தூரமும் தவறும். மீட்டரைத் திறந்து முள்ளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகுவது இன்னும் மோசம். ஹேர் ஸ்பிரிங் ஒருமுறை நெளிந்தால் கைக்கடிகார ரிப்பேர்காரர் கைக்குத்தான் அது அடங்கும்.

வீட்டில் செய்யக்கூடிய உண்மையான திருத்தம் ஒரு துண்டுக் காகிதம்தான். காட்டுவது 40, உண்மை இவ்வளவு. காட்டுவது 50, உண்மை இவ்வளவு. காட்டுவது 60, உண்மை இவ்வளவு. இதை எழுதி டேங்க் மேல் ஒட்டிக்கொள்வதுதான். கருவியை வளைக்காமல் அதன் பிழையை அறிந்து கழிப்பது. உலகெங்கும் ஆய்வகங்களில் பிழை தெரிந்த கருவியோடு திருத்தப் பட்டியல் வைத்துக்கொள்வதும் இதே முறைதான்.

வானத்துச் சாட்சி

2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சைகையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நிறுத்தியது. ஏறக்குறைய நூறு மீட்டராக இருந்த தடுமாற்றம் ஒரே இரவில் பல மடங்கு குறைந்தது. பிற்பாடு அது செல்போனுக்குள் வந்தபோது கல்லின் வேலையும் கடிகாரத்தின் வேலையும் ஒரே கருவிக்குப் போயின. சமமான வேகத்தில், திறந்த வானத்தின் கீழ், அது மீட்டரைவிட நம்பகமானது. ஆனால் அதற்கும் வானம் தெரிய வேண்டும். 2023-இல் திறக்கப்பட்ட நத்தம் சாலை மேம்பாலத்தின் அடியில் ஓட்டிக்கொண்டு செல்போனை நம்புவது சரியாக வராது.

பைக்குகளும் மாறிவிட்டன. கேபிள் போய் மின்னணு உணரி வந்தது. ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் சக்கரத்தின் துளை வளையமே சுற்றுகளை எண்ணிக் கொடுக்கிறது. காந்தச் சோர்வும் ஸ்பிரிங் தளர்ச்சியும் இனி இல்லை. ஆனாலும் டயர் தேயும், டயர் அளவு மாறும், சட்டத்துக்காகக் கூட்டிக் காட்டும் பழக்கமும் இருக்கிறது. எனவே பிழை போகவில்லை, பளபளப்பான எண்ணுக்குள் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கா? இல்லை. கூட்டிக் காட்டும் மீட்டரால் உயிருக்கு ஆபத்தில்லை. குறைத்துக் காட்டும் மீட்டர்தான் ஆபத்து. முள் 60 காட்ட வண்டி 66-இல் ஓடினால், வித்தியாசம் வெறும் 6 என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 1.1 பெருக்கல் 1.1 என்றால் 1.21. பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடிவிட்டது! பழைய வண்டி வாங்கி, அழகுக்காகப் பெரிய டயர் மாட்டி, பழைய கடையில் கிடைத்த மீட்டரைப் பொருத்தி ஓட்டுகிற கல்லூரி மாணவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

குழி வெட்டிய காதக் கல்லில் தொடங்கி ஜி.பி.எஸ். வரை கருவிகள் மாறின, முறை மட்டும் மாறவில்லை. கருவி தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பாமல், வெளியே இருக்கும் ஒரு தூரத்தையும் ஒரு நேரத்தையும் சாட்சிக்கு அழைக்க வேண்டும். லாம்டன் இரண்டாவது சங்கிலி வைத்திருந்ததும் அதற்குத்தான், மேலூர் சாலையில் கல்லை எண்ணிக்கொண்டு போவதும் அதற்குத்தான். ஒரு விடியற்காலையும் ஒரு கைக்கடிகாரமும் நம்பகமான ஒரு நண்பரும் இருந்தால் போதும், உங்கள் வண்டியின் முள் எவ்வளவு பொய் சொல்கிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.